அண்டுக்கு முன்னால் ஒரு கமா

ஜெர்மனியில் இன்சூரன்ஸ் இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். பக்கத்து வீட்டு ஜன்னலை நம் பிள்ளை பந்தடித்து உடைத்தால் அதற்கு ஒன்று, பல்லுக்குத் தனியாக ஒன்று, வீட்டுக்காரரோடு கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் வக்கீல் செலவுக்கு ஒன்று. பெர்லினில் நாய் வளர்த்தால், அது யாரையும் கடிப்பதற்கு முன்பே அதற்கும் ஒன்று எடுத்தாக வேண்டும், சட்டம். இப்பேர்ப்பட்ட தேசத்தில், காலணா செலவில்லாத ஒரே ஒரு இன்சூரன்ஸை மட்டும் வேண்டாம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் பட்டியல் எழுதும்போது கடைசி ‘அண்ட்’டுக்கு முன்னால் போடுகிற கமாவைச் சொல்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழக்கம் என்பதால் அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு கமா என்று பெயர். அமெரிக்காவில் புத்தகம் போடுகிறவர்கள் அது வேண்டும் என்பார்கள், செய்தித்தாள்காரர்கள் வேண்டாம் என்பார்கள். 2020-இல் பிரிட்டன் வெளியிட்ட பிரெக்ஸிட் ஐம்பது பென்ஸ் நாணயத்தில் அந்தக் கமா இல்லை. படித்தவர்கள் யாரும் அந்தக் காசைத் தொடக் கூடாது என்று எழுத்தாளர் பிலிப் புல்மன் கொதித்தார். நம் ஊரில் கிழிந்த பத்து ரூபாய் நோட்டுக்குத்தான் இந்த மரியாதை கிடைக்கும்.

ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்கு ஆங்கிலக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. நான் அந்தக் கமாவைப் போடுவேன். எங்கள் மேலதிகாரி எடுப்பார். அவர் மேல் தப்பில்லை. ஜெர்மன் பட்டியலில் ‘உண்ட்’டுக்கு முன்னால் கமா கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே அடித்துப் பதிய வைத்திருக்கிறார்கள். அதற்காக எடுத்த கமாவை அவர் வீணாக்குவதும் இல்லை. ‘ஐ திங்க்’ என்று எழுதி, நிறுத்தி, ஒரு கமா வைத்து, அப்புறம்தான் ‘தட்’ போடுவார். ஜெர்மனில் துணை வாக்கியம் ஆரம்பித்தால் வாசலில் ஒரு கமா நின்றே தீர வேண்டும். பட்டியலில் மிச்சம் பிடித்ததை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார். ஆங்கிலம் பேசுகிறவர்கள் யாரும் அங்கே கமா போடுவதில்லை என்றேன். “அவர்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை” என்றார்.

கமா விஷயத்தில் இங்கே விளையாட்டுக்கே இடமில்லை. 1996-இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, கூடவே கமா விதிகளையும் கொஞ்சம் தளர்த்தினார்கள். நாடே இரண்டுபட்டது. வழக்கு 1998-இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2006-இல் தளர்த்தியதில் சிலவற்றை மறுபடி இறுக்கினார்கள். கமா போடாவிட்டால் தாத்தாவைச் சமைத்துச் சாப்பிட்டுவிடுவோம் என்று இங்கே பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். ‘வாங்க தாத்தா, சாப்பிடலாம்’ என்பதில் கமா விடுபட்டுவிட்டால் தாத்தாவே சாப்பாடு ஆகிவிடுவாராம். ஆங்கிலத்தில் இந்தக் கண்டம் பாட்டிக்கு. தமிழ்த் தாத்தாவைச் சாப்பிட வேண்டுமானால் ‘ஐ’ உருபு போட்டாக வேண்டும். அதனால் நம் வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு கையேட்டில் ‘கனெக்ட் த பிரவுன், புளூ, அண்ட் கிரீன் அண்ட் எல்லோ ஒயர்ஸ்’ என்று எழுதியிருந்தேன். ஐரோப்பாவில் எர்த் ஒயர் பச்சையும் மஞ்சளுமாகக் கோடு போட்டு வரும். ஆக மொத்தம் மூன்று ஒயர். மேலதிகாரி புளூவுக்குப் பின்னால் இருந்த கமாவைப் பிடுங்கிவிட்டு அச்சுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டெக்னீஷியன் போன் செய்தார்.

“ஏனுங்க, பொட்டியத் தொறந்தாச்சுங்க. பிரவுன் இருக்குது, புளூ இருக்குது. பச்சை எங்கீங்க?”

“கோடு கோடா பச்சையும் மஞ்சளுமா ஒண்ணு இருக்குங்களா?”

“அது எர்த்துங்க. எர்த்து எனக்குத் தெரியாதுங்களா? அது போக, பச்சை ஒண்ணு மஞ்சள் ஒண்ணுன்னு உங்க புக்குல போட்டிருக்குதுங்களே. ரெண்டு ஒயர் கொறையுதுங்க. பார்சல்ல அனுப்பிருவீங்களா?”

மேலதிகாரியிடம் சொன்னேன். ஜெர்மனில் இந்தக் குழப்பமே வராது என்றார். வராதுதான். அவர்கள் பச்சையையும் மஞ்சளையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். தமிழிலும் வராது என்று நானும் விடவில்லை. தொல்காப்பியர் சொன்ன எட்டு உம்மைகளில் எண்ணும்மை என்று ஒன்று உண்டு. பிரவுனையும் நீலத்தையும் பச்சை மஞ்சளையும் இணைக்கவும் என்றால் மூன்று ‘உம்’, மூன்று ஒயர். பந்தியில் பாயசம் போல முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை எல்லாருக்கும் விழும். இதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அரசாங்க அறிவிப்பிலிருந்து மளிகைக்கடை போர்டு வரை கமா, கமா, கமா, கடைசியில் ஒரு ‘மற்றும்’. அந்த ‘மற்றும்’முக்கு முன்னால் கமா வருமா வராதா என்று நம்மவர்கள் சண்டை போடுகிற நாளும் தூரத்தில் இல்லை.

இலக்கணம் எடுபடாத இடத்தில் காசைப் பேச வேண்டும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஓவர்டைம் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. உணவுப் பொருளைப் பதப்படுத்துவது, உறைய வைப்பது, சேமிப்பது என்று போய், ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடியும். இந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது. ‘ஆர்’ருக்கு முன்னால் கமா இல்லை. ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் கம்பெனியின் லாரி டிரைவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் சொல்வது பேக்கிங்கை. அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ மூட்டை கட்டுகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். நாங்கள் எதையும் கட்டுவதில்லை, விநியோகம் மட்டுமே செய்கிறோம், ஓவர்டைம் கொடு என்றார்கள். வாசகம் இரண்டு பக்கமும் இழுக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் டிரைவர்கள் பக்கம் சாய்ந்தது. 2018-இல் கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமாதானம் பேசி முடித்தது. இதில் எனக்குப் பிடித்தது, சட்டம் எழுதுகிறவர்களுக்கு அந்த மாநிலம் கொடுத்திருந்த கையேடே அந்த இடத்தில் கமா போடாதே என்று சொல்லியிருந்ததுதான்.

50 லட்சம் டாலர் மேலதிகாரியை அசைக்கும் என்று நினைத்தேன். “அது அமெரிக்கா. அங்கே காபி சூடாக இருந்தாலும் கேஸ் போடுவார்கள்” என்றார். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு மெய்ன் சட்டசபை அந்தப் பட்டியலைத் திருத்தி, கமாக்களை எடுத்துவிட்டு செமிகோலன் போட்டது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தீர்களா, கடைசியில் எங்கள் வழிக்கு வந்துவிட்டார்கள்!”

அவர் வழி எது என்றால், ஜெர்மனியில் தசமப் புள்ளியின் இடத்தில் உட்கார்ந்திருப்பதே கமாதான். இரண்டரை கிலோ இங்கே 2,5 கிலோ. எண்களை வரிசையாக எழுதினால் எது தசமம், எது இடைவெளி என்று தெரியாது. அதனால் நடுவில் செமிகோலன் போடுவார்கள். கமாவால் பிரித்த கோப்பு என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் சிஎஸ்வி கோப்பைக்கூட ஜெர்மன் எக்செல் செமிகோலனால்தான் பிரிக்கும். சென்னையில் இருப்பவர் நம் வழக்கப்படி 2.5 என்று புள்ளி வைத்து அனுப்பினால், இங்கே அதைத் தட்டச்சு செய்தவுடன் மே மாதம் 2-ஆம் தேதி ஆகிவிடும். சாமான் எடை கேட்டால் கல்யாணத் தேதி வரும்.

போன மாதம் மேலதிகாரி ஒரு தீர்வோடு வந்தார். இனிமேல் வாக்கியத்துக்குள் பட்டியலே கூடாது. வரிக்கு ஒரு ஒயர், முன்னால் ஒரு குண்டுப் புள்ளி. கமாவும் வேண்டாம், ‘அண்ட்’டும் வேண்டாம். நல்ல யோசனை, எனக்கே தோன்றவில்லையே என்று மனதாரப் பாராட்டினேன். மறுநாளே அவர் முகம் வாடிக் கிடந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்ன போடுவது? டூடன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நிறுத்தக்குறி போட்டாலும் சரி, விட்டாலும் சரி என்று அது பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டது. இரண்டும் சரி என்று சொன்னால் எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் தூக்கம் வராது. வியாழக்கிழமைக்கு இரண்டு மணி நேரக் கூட்டம் போட்டிருக்கிறார். அழைப்பு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. விவாதப் பொருள்: ‘கமா, செமிகோலன் அண்ட் நத்திங்’.