வியர்வைக்கு ஏது மீட்டர்?

கேள்வி: ஆளுக்கு இவ்வளவு உற்பத்தி என்று கணக்குப் போட்டால் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உச்சியிலும் திருப்பூர் பனியன் கம்பெனி வெகு கீழேயும் நிற்கின்றனவே, திருப்பூர்க்காரர் சரியாக உழைப்பதில்லையா?

பதில்: உழைப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு தொழில் கூட்டித்தரும் மதிப்பை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் ஈவுதான் உற்பத்தித்திறன். வியர்வைக்கு அதில் இடமே கிடையாது. மணலியில் பெரும் முதலீட்டு இயந்திரங்களைக் கொஞ்சம் பேர் இயக்குகிறார்கள். வகுக்கும் எண் சிறிது, ஈவு பெரிது. திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் உட்கார்ந்தாக வேண்டும். வெட்டிய பீஸ் வரத் தாமதமானாலும், சாயம் ஒத்துவராமல் துணி திரும்பிப் போனாலும் டைலர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரமும் அவர் தலையிலேயே விழுகிறது! வேளாண்மை இன்னும் கீழே: தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதை நம்பியிருக்க, மாநில வருமானத்தில் அதன் பங்கு சுமார் எட்டில் ஒன்றுதான். நடவுக்கும் அறுப்புக்கும் இடையே வேலையும் குறைவு, விளைச்சலின் விலையும் விவசாயி கையில் இல்லை. எனவே பனியனை எண்ணெயோடு ஒப்பிடுவது வீண். டைலரின் காத்திருப்பைக் குறைத்துத் திருப்பூரின் ஈவை உயர்த்தும் பொறுப்பு முதலில் நிர்வாகத்துடையது.