துப்பாக்கி அன்பர்

டெக்சஸில் ஒரு பண்ணைக்காரரிடம் எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம் அது. துப்பாக்கி அன்பரிடம் எத்தனை துப்பாக்கி என்று கேட்பதும் அதே வகை மரியாதைக் குறைவுதான். தெரியாமல் கேட்டுவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "வேண்டிய அளவுக்கு இன்னும் சேரவில்லை" என்பார். விடாமல் கேட்டால், "எல்லாம் படகு கவிழ்ந்து ஏரியோடு போய்விட்டது" என்பார். அந்த நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன நகைச்சுவை இது. நாளைக்கு அரசாங்கமே வந்து கேட்டாலும் இதுதான் பதில் என்று சொல்லித் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அவருக்குப் படகே கிடையாது.

அவர் சொல்லாவிட்டாலும் நாட்டுக் கணக்கு வெளியே கிடக்கிறது. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஜெனீவா ஆய்வு நிறுவனம் 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அமெரிக்கக் குடிமக்கள் கையில் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள். நூறு பேருக்கு நூற்றிருபது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் ஒன்று கொடுத்து மிச்சம் வைக்கலாம். ஆனால் ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2015-ல் நடத்திய கணிப்பில் வேறொன்று தெரிந்தது: வயது வந்தவர்களில் வெறும் 3 சதவீதம் பேரிடம் மொத்தத் துப்பாக்கிகளில் பாதி இருக்கிறது. நம் அன்பர் அந்த மூன்றில் ஒருவர். வாங்காதவர்களின் பங்கையும் சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

தொடக்கம் எப்போதும் ஒரு தாத்தா. தாத்தா மான் வேட்டைக்கு எடுத்துப்போன வின்செஸ்டர் 94 ரைஃபிள், பின்னால் தன் கைக்கு வந்த கதை. இந்த வகைக் கதைகளில் உச்சம் பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில் இருக்கிறது. கிளேர்மோர் என்ற ஊரில் ஓட்டல் நடத்திய ஜே.எம். டேவிஸ், ஏழு வயதில் மருந்து குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாராம். அப்பா லஞ்சமாக ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். மருந்து உள்ளே போனது, ஆனால் வேறொரு நோய் பிடித்துக்கொண்டது. ஓட்டல் சுவரெல்லாம் துப்பாக்கியாகி, பத்தாயிரத்தையும் தாண்டிய பிறகு, ஒரு டாலர் வாங்கிக்கொண்டு மாநில அரசிடம் நீண்டகாலக் குத்தகைக்கு ஒப்படைத்தார். இன்று அது அருங்காட்சியகம். அன்பர் அங்கே வருடத்துக்கு ஒரு முறை போவார். மனைவியையும் கூட்டிப்போவார். "இவரோடு ஒப்பிட்டால் நான் எவ்வளவோ தேவலை" என்று காட்டுவதற்குத்தான்.

அன்பரின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைவிட உயரமான இரும்புப் பெட்டகம் ஒன்று உண்டு. கடைக்காரர் 64 துப்பாக்கி பிடிக்கும் என்று சொல்லி விற்றது. டெலஸ்கோப்பு, கைப்பிடி, வார் என்று எதுவுமே இல்லாத 64 கழிகள் வேண்டுமானால் பிடிக்கும். நிஜத் துப்பாக்கி முப்பதோடு திணறிவிடும். ஆகவே இரண்டாவது பெட்டகம். அது வந்த நாளில் பாதி காலி. காலி இடத்தைப் பார்த்தால் அன்பருக்குத் தூக்கம் வராது.

உள்ளே இருப்பவற்றில் பெரும்பாலானவை சுடப்படுவதே இல்லை. நம் வீட்டு பீரோவில் காஞ்சிபுரம் பட்டு கிடப்பதுபோல் கிடக்கின்றன. அவ்வப்போது வெளியே எடுத்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பார். அறை முழுக்க ஹாப்பீஸ் நம்பர் 9 வாசனை. 1903 முதல் விற்கும் குழல் சுத்தம் செய்யும் திரவம் அது. காருக்குள் தொங்கவிட அதே மணத்தில் அட்டையும் விற்கிறார்கள். அன்பரின் வண்டியில் அது ஆடிக்கொண்டிருக்கிறது.

பழைய துப்பாக்கி சேர்ப்பவருக்கு மத்திய அரசே ஒரு சலுகை தந்திருக்கிறது. முப்பது டாலர் கட்டினால் மூன்று வருடத்துக்கு ஒரு லைசென்ஸ். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட துப்பாக்கி, வெளி மாநிலத்திலிருந்தும் பார்சலில் வீட்டு வாசலுக்கே வரும். பார்சல்காரர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். பெட்டியைப் பார்த்து மனைவி, "இது புதுசா?" என்பார்.

"புதுசா? 1942-ல செஞ்சதும்மா."

ஒரு வார்த்தை பொய் இல்லை.

பலர் வழுக்கி விழுந்த இடம் ரஷ்யாவின் மோசின்-நாகான் ரைஃபிள். 1891-ல் வடிவமைத்தது. சோவியத் கிடங்குகளில் உறங்கிய லட்சக்கணக்கானவை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது. கூடவே காஸ்மோலின் என்ற பழுப்புக் களிம்பும் வரும். துரு பிடிக்காமலிருக்கத் தலைமுதல் கால்வரை அப்பியிருப்பார்கள். அதை இறக்கும் வழி டெக்சஸ்காரர்களுக்கு இயற்கை கொடுத்தது: கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, ஆகஸ்ட் வெயிலில் கதவு மூடிய காருக்குள் வைத்துவிட்டால் உருகி வழியும். சிலர் மனைவி ஊருக்குப் போயிருக்கும்போது சமையலறை ஓவனைப் பயன்படுத்துவார்கள். அவர்களைப் பற்றி மேலே எழுதுவது குடும்ப அமைதிக்கு நல்லதல்ல.

வந்திருப்பவர் இந்தியர் என்று தெரிந்தால் அன்பரின் முகம் மலர்ந்துவிடும். ஓடிப்போய் இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிளை எடுத்து வருவார். சீனப் போருக்குப் பிறகு, பழைய லீ-என்ஃபீல்டை 7.62 தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றி வங்காளத்து இஷாப்பூர் ஆலை செய்தது. பின்னாளில் ஏலச் சரக்காகக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. எஃகின் தரம் என்ன, முத்திரை எங்கே, எந்தத் திருகு ஏன் கூடுதல் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, நம் நாட்டுப் பொருளைப் பற்றி நம் கருத்தை ஆவலோடு கேட்பார். மெரினாவில் பலூன் சுட்டதோடு துப்பாக்கிப் பழக்கம் முடிந்துபோன ஆள் என்ன சொல்வது? கனமாக இருக்கிறது என்றேன். ஆழமான கருத்தைக் கேட்டதுபோல் தலையாட்டினார்.

அன்பருக்குக் குலதெய்வம் உண்டு. பெயர் ஜான் மோசஸ் பிரவுனிங். யூட்டா மாநிலத்து ஆக்டனில் 1855-ல் பிறந்து, 1926-ல் பெல்ஜியத்துத் துப்பாக்கி ஆலையில் வேலையின் நடுவே மாரடைப்பில் இறந்தவர். தாத்தாவின் வின்செஸ்டர் 94 அவர் செய்ததுதான். அன்பர் உயிரினும் மேலாக மதிக்கும் 1911 பிஸ்டலும் அவர் செய்ததுதான். .45 தோட்டா. அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்று, 1985-ல் இத்தாலியின் 9 மி.மீ. பெரெட்டாவுக்கு மாறும்வரை முதன்மைப் பிஸ்டலாக வைத்திருந்தது. நாடு எப்போது கெட்டது என்று அன்பரிடம் கேளுங்கள். வருடம் சரியாகச் சொல்வார்.

.45-ஆ 9-ஆ என்ற சண்டை இந்த மதத்தின் வடகலை-தென்கலை வழக்கு. இதில் எஃப்.பி.ஐ. பட்ட பாடு தனிக்கதை. 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். 9 மி.மீ. தோட்டா போதுமான ஆழம் போகவில்லை என்று தோட்டாமேல் பழி விழுந்தது. 10 மி.மீ.-க்குப் போனார்கள், உதை தாங்கவில்லை. அதைக் குறுக்கி 1990-ல் .40 பிறந்தது. பிறகு, தோட்டாத் தயாரிப்பு முன்னேறிவிட்டது என்று சொல்லி, கிளம்பிய 9-க்கே வந்து சேர்ந்தார்கள். இவ்வளவையும் அன்பர் ஒரே மூச்சில் சொல்லுவார். கேட்கும் 9 மி.மீ. நண்பரும் இதே வரலாற்றைத் தன் பக்கத்துக்குச் சாட்சியாக வைத்திருப்பார்.

சரி, இவ்வளவு பக்தி இருக்கிறதே, இடுப்பில் வைத்துக்கொண்டு போவது 1911-ஐத்தானா? ஆசைப்பட்டார். தோட்டா போடாமலே ஒரு கிலோவுக்கு மேல். முதல் வாரம் கால்சட்டை இறங்கியது. தடிமனான பெல்ட் வாங்கினார், இடுப்பு வலித்தது. தோல் உறை வியர்வையில் ஊறியது. பிளாஸ்டிக் உறை வயிற்றைக் கிள்ளியது. வலப்புறம், முதுகுப்புறம், தொப்புளுக்குக் கீழே, கணுக்கால் என்று உடம்பில் இடம் தேடி அலைந்ததன் மிச்சம் ஒரு இழுப்பறை நிறைய உறைகள். துப்பாக்கி தூக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த இழுப்பறை உண்டு.

அப்புறம் ஆஸ்திரியாவின் கிளாக். திரைச்சீலைக் கம்பி செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக் வடிவமைத்து, 1982-ல் அந்நாட்டு ராணுவம் தேர்ந்தெடுத்த பிளாஸ்டிக் உடம்புக்காரன். பிளாஸ்டிக்கா, சீ என்று சொன்ன வாயால் பத்து வருடம் சுமந்தார். கடைசியில் வந்து நின்றது ரூகர் எல்சிபி. கால் கிலோவுக்குச் சற்று அதிகம், கால்சட்டைப் பையில் அடங்கும். அழகில்லை, சுட்டால் கை எரியும், பஞ்சும் நூலும் அடைந்து கிடக்கும். பெட்டகத்தில் அதற்கு இடமே கிடையாது; சாவிக்கொத்தோடு மேசையில் கிடக்கும்.

பையில் அது வந்த பிறகு அன்பரின் நடமாட்டமே மாறிவிட்டது. ஓட்டலில் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். இத்தனை வருடமாக அவர் மனைவி சுவரைப் பார்த்தே சாப்பிடுகிறார். இடுப்பில் கிளாக் இருக்கும் நாளில் கடையில் மேல்தட்டுச் சாமானுக்குக் கை தூக்க மாட்டார், சட்டை ஏறிவிடும். கீழே விழுந்த காசை எடுக்க, முதுகை வளைக்காமல் நாட்டியக்காரர்போல் முழங்காலை மடக்கி இறங்குவார். பார்ப்பவர்கள் மூலம் என்று நினைக்கிறார்கள்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லப் பெரும்பாலோருக்கு லைசென்ஸே தேவையில்லை. அன்பர் தன் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். வெளி மாநிலங்களில் செல்லும் என்பது சொல்லும் காரணம். பாடம் கேட்டுப் பரீட்சை எழுதியவனும் எழுதாதவனும் ஒன்றா என்பது சொல்லாத காரணம். துப்பாக்கியோடு நுழையாதே என்று கடைகள் மாட்டும் பலகைக்கு 30.06 பலகை என்று பெயர், சட்டப்பிரிவின் எண். இரண்டு உலகப் போர்களில் அமெரிக்கர்கள் சுட்ட .30-06 தோட்டாவின் எண்ணும் அதுவே. எழுத்து ஒரு அங்குல உயரம் இருக்க வேண்டும், ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். அன்பர் வாசலில் நின்று எழுத்தை அளப்பார். குறை இல்லையென்றால் திரும்பிப்போய் வண்டியில் வைத்துவிட்டு வருவார். அந்நாட்டில் வண்டிகளிலிருந்து துப்பாக்கி திருடுபோவது சாதாரணம் என்பதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் வண்டியில் இன்னொன்று வைக்க வேண்டும் என்றார்.

இரவில் தலைமாட்டில் ஒன்று இருக்கும், திருடனுக்காக. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். இந்தக் கணக்கு மட்டும் அன்பருக்கு மனப்பாடம் இல்லை.

விரும்பியதையே இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்க டெக்சஸ் ஒரு சந்தர்ப்பம் வைத்திருக்கிறது: தோட்டத்தில் மாட்டு இறைச்சி வாட்டும் நாள். அதற்கென்றே பார்பெக்யூ துப்பாக்கி என்று தனி ஜாதி. பூவேலை செதுக்கிய 1911, தந்தநிறப் பிடி, சித்திரத் தோல் உறை. அன்பர் புகைக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். மாப்பிள்ளைகூட அவ்வளவு நிமிர்வதில்லை. விருந்தாளிகள் உறையிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு சுற்று வருவார்கள். யாராவது ஒரு புதியவர், "எப்படிச் சுடும்?" என்று கேட்டுவைப்பார்.

"இதையா? சுடுவதா? உறையில் உரசினாலே மனசு பதறுகிறது."

"ஏதாவது அவசரம் வந்தால்?"

அன்பர் சாஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, கால்சட்டைப் பையில் இருக்கும் ரூகரைத் தட்டிக் காட்டுவார்.