மீன்தொட்டிக்கு எந்த விளக்கு?

செடி வளர்க்கும் மீன்தொட்டியில் பழைய டியூப்லைட் போய்விட்டது. அதிக வாட்ஸ் எல்இடி போட்டால் வேகமாக வளரும்தானே?

வளரும், பாசி! வாட்ஸ் என்பது விளக்கு எடுக்கும் மின்சாரத்தின் கணக்கு. லூமென் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் கணக்கு. செடிக்கு இரண்டும் பொருட்டல்ல. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி இலைமேல் எவ்வளவு விழுகிறது என்பதே அதற்கு முக்கியம். ‘பார்’ என்ற அளவு அதைத்தான் சொல்கிறது. தொட்டியின் அடிமட்டத்தில் அது எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ‘அப்படியானால் நீலமும் சிவப்பும் கலந்த ஊதா விளக்குதானே சிறந்தது?’ என்பார்கள் சிலர். தேவையில்லை. 6500 கெல்வின் வெள்ளை எல்இடியிலேயே நீலமும் சிவப்பும் உண்டு. பச்சை ஒளியையும் இலைகள் பயன்படுத்திக்கொள்கின்றன. ஒளி கூடினால் கரியமில வாயுவும் உரமும் கூட வேண்டும். தண்ணீரில் அவை குறைந்தால் செடி திணறும், மிச்ச ஒளியில் பாசி செழிக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளை மட்டும் வைத்திருப்பவருக்கு மிதமான விளக்கே தாராளம்.

பெரிய விளக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? டிம்மர் இருந்தால் குறையுங்கள்; இல்லையென்றால் சற்று உயரத்தில் தொங்கவிடுங்கள். டைமர் வைத்து நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் மட்டும் எரியட்டும்.