ஒழுகல் இயல்: கடலூர்–சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

போர்க்கப்பலில் கோளாறு எவ்வளவு சிறிதோ, செய்தித் தலைப்பு அவ்வளவு பெரிது. இந்தக் கருதுகோளை நிறுவ அறிஞர் எவரும் இதுவரை முன்வராதது தமிழாய்வுலகுக்கே இழுக்கு. களமாகக் கடலூர் முதுநகர் துறைமுகத்தையும் சிதம்பரம் கீழ வீதியையும் எடுத்துக்கொண்டோம். முன்னதில் கப்பல் அறிந்தவர்கள் உண்டு; பின்னதில் அதைப் பற்றிப் பேச நேரமுள்ளவர்கள் உண்டு.

முதன்மைச் சான்று, பிரிட்டனின் 'குயின் எலிசபெத்' விமானந்தாங்கிக் கப்பல். 65,000 டன்; செலவு 300 கோடி பவுண்டுக்கு மேல். 2017 டிசம்பர் 7-ல் படையில் சேர்ந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள சீல் வழியாக மணிக்கு 200 லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது என்று லண்டன் பத்திரிகை ஒன்று எழுத, உலகமே சிரித்தது. பயணத்துக்குத் தடையில்லை, போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும்போதே சரிசெய்துவிடலாம் என்றது கடற்படை. தலைப்பில் போடக்கூடிய வாக்கியமா அது?

கணக்கிட்டுப் பார்த்தோம். பம்பே இல்லை, பார்ப்பாரும் இல்லை என்று வைத்துக்கொண்டால், கப்பலின் எடை அளவுக்குத் தண்ணீர் சேர 3,25,000 மணி நேரம், அதாவது சுமார் 37 ஆண்டு ஆகும். கப்பலுக்கு விதித்த ஆயுளோ 50 ஆண்டு. ஆகவே பத்திரிகை பொய் சொன்னது என்பது அபாண்டம். கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

களப்பணிக்கு வருவோம். விடியற்காலையில் உப்பனாற்றங்கரையில் விசைப்படகின் எஞ்சினைக் கிளப்பினால், பக்கவாட்டுக் குழாயிலிருந்து டீசல் மினுங்கும் கறுப்புத் தண்ணீர் பீச்சியடிக்கும். ஷாஃப்ட் வழியாக இரவெல்லாம் சொட்டிச் சேர்ந்தது. ஷாஃப்ட்டைச் சுற்றித் திணித்த பேக்கிங் கயிற்றை ஒரேயடியாக இறுக்கினால் உராய்ந்து சூடேறும். கொஞ்சம் சொட்ட விடுவதுதான் தொழில் வழக்கம். குயின் எலிசபெத் விவகாரத்தை ஒரு படகு டிரைவரிடம் விளக்கினோம். "பம்பு ஓடுதில்ல? அப்புறம் என்னா சார்?" என்று வலையை உதறப் போய்விட்டார். இவ்வியலில் இதுவரை வெளிவந்த கருத்துகளில் ஆழமானது இதுவே.

இதே செய்தி தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் வேறு கதை. முதுநகரில் 'கசியுதாம்', ஆலப்பாக்கத்தில் 'ஓட்டையாம்', புதுச்சத்திரத்தில் 'ஒரு பக்கமா சாஞ்சிடுச்சாம்', கீழ வீதி டீக்கடையில் 'முழுகிடுச்சாம்பா'. இதற்குக் கண்டக்டர் பொறுப்பல்ல என்பதைப் பதிவுசெய்கிறோம்.

நிஜக் கோளாறுகளும் உண்டு. 2012-ல் கடல் சோதனையின்போது நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யாவின் கொதிகலன்கள் பழுதாகி, ஒப்படைப்பு 2013 நவம்பருக்குத் தள்ளிப்போனது. அது தலைப்புக்குத் தகுதியான செய்தி. எனவே நம் ஆய்வில் அதற்கு இடமில்லை.

எதிர்ச்சான்றுக்கு வேறெங்கும் அலைய வேண்டாம், கடலூரே போதும். 1783 ஜூன் 20-ல் இதே கடலில் ஹியூஸின் பிரிட்டிஷ் கப்பல்களும் சஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்திட்டாயிற்று; தகவல்தான் வந்து சேரவில்லை. மாலுமிகளுக்கு ஸ்கர்வி, குடிக்கத் தண்ணீர் பற்றாக்குறை என்று ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். அன்று கப்பலில் தண்ணீரும் குறைவு, கரையில் செய்தியும் குறைவு. இன்று இரண்டும் உபரி.

அதற்கும் முன்பு, 1749 ஏப்ரலில், தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு அருகே 74 பீரங்கிகள் கொண்ட பிரிட்டிஷ் கப்பலான 'நமூர்' புயலில் சிக்கி அழிந்தது. தளபதி பாஸ்கவன் கரையில் இருந்ததால் பிழைத்தார். இறந்தவர்கள் 500 பேருக்கு மேல். இன்று அதே கரையில், சில்வர் பீச்சில் சுண்டல் வாங்குகிறவர்களில் அந்தக் கப்பலின் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவர் தேறினால் அதிசயம். 200 லிட்டர் ஒழுகிய கப்பலை உலகம் அறியும். முழுதாகப் போன கப்பலை உள்ளூரே அறியாது. கருதுகோள் நிறுவப்பட்டது.

இவ்வாய்வை முனைவர் பட்டத்துக்கு ஏற்குமாறு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை வேண்டுகிறோம். வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக அந்த முதுநகர் டிரைவரை அழைக்கலாம். மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தால் அவர் வருவதற்குத் தடையிராது.