நாலு பல்லும் நாற்பது ஆலோசகர்களும்

பிள்ளைக்குக் கிளிப் போடப் போன இடத்தில், "நாலு பல் எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? பதறாதீர்கள். கீழ்க்கண்டபடி நடந்துகொண்டால் போதும்.

1. பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பார்க்காதீர்கள். மூக்கு நுனியிலிருந்து முகவாய்க்கு ஒரு கோடு இழுத்து, உதடு அதைத் தாண்டி நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா என்று விளக்க ஆரம்பிப்பார். முகம் நம்முடையது, அவர் கோடு எதற்கு?

2. நேரே பெரியப்பாவிடம் போங்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு போய்விடும் என்பார். கன்னம் ஒட்டிப்போகும் என்பார் சித்தி. எடுக்கப்போவது பெரும்பாலும் கோரைப்பல்லுக்கு அடுத்த பல், சுமார் 7 மில்லிமீட்டர் அகலம் என்றெல்லாம் சொல்லி அவர்கள் உற்சாகத்தைக் கெடுக்காதீர்கள்.

3. ஏதாவது ஒரு கட்சியில் சேருங்கள். 'எடுக்காதே' கட்சிக்குத் தலைவர் அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள். எல்லாப் பல்லும் இருந்தால்தான் முகம் அழகு என்றவர். 1911-இலேயே அவரை எதிர்த்துக் கால்வின் கேஸ் என்ற மருத்துவர் வாதாடினார். பிறகு ஆங்கிளின் சீடரான சார்லஸ் ட்வீட் என்பவரே, பல் எடுக்காமல் சரிசெய்த பலருக்கு வாய் துருத்தி நிற்பதைக் கண்டு, நாலு பல் எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார். நூறாண்டு தாண்டிய வழக்கு. டீ ஆறுவதற்குள் நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

4. பக்கத்து வீட்டுப் பெண்ணை அளவுகோலாக்குங்கள். அவளுக்குப் பல் நெருக்கம். எடுத்த இடமெல்லாம் வரிசைக்கே சரியாகிவிட்டது, முகம் அப்படியே இருக்கிறது. உங்கள் பையனுக்கோ எத்துப்பல். வாயை மூடினாலே முகவாய் சுருங்குகிறது. பல்லை எடுத்தால் உதடு சற்று உள்ளே அமரும். எடுக்காமல் வரிசைப்படுத்தினால் இன்னும் முன்னே வரலாம். உதடு தட்டையாக, மூக்கு எடுப்பாக உள்ளவருக்கு அதே நாலு பல்லை எடுத்தால் வாய்ப்பகுதி உள்வாங்கித் தெரியலாம். இப்படி ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்த்தால் அறிவுரை சொல்லவே முடியாது; விட்டுவிடுங்கள்.

5. 13 வயதுப் போட்டோவையும் 16 வயதுப் போட்டோவையும் பக்கத்தில் வையுங்கள். இடையில் மூக்கும் முகவாயும் தானாக வளர்ந்த பழியையும் பிடுங்கிய பல் மேலேயே போடுங்கள்.

6. கிளிப்பைக் கழற்றியதும், பல் நகராமல் பிடித்துவைக்கத் தரும் ரிடெய்னரைத் தொலைத்துவிடுங்கள். பல் பழைய இடத்துக்குப் புறப்படும். "அப்பவே சொன்னேன்" என்று பெரியப்பாவும் மகிழ்வார்.

இதற்கெல்லாம் மனம் வராதவர்கள் டாக்டரிடம் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: "எடுத்தால் முன்பல் எவ்வளவு பின்னே போகும்? எடுக்காவிட்டால் எவ்வளவு முன்னே வரும்?" எக்ஸ்ரேயைக் காட்டி மில்லிமீட்டரில் பதில் சொன்னால் நாற்காலியில் உட்காருங்கள். சொல்லாவிட்டால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். பிடுங்கிய பல்லைத் திரும்ப நட முடியாது.