நீதி அமைச்சுக்குக் கற்பிட்டியிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

மேன்மைதங்கிய நீதி அமைச்சினர் சமூகத்திற்கு,

புத்தளம் கடலேரிக்கும் சமுத்திரத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிவாசிகளில் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676இல் ஒல்லாந்தர் எங்கள் ஊரில் கட்டி முடித்த கோட்டை கடற்படையாரின் வசத்தில் இன்றும் நிற்க, அவர்கள் இத்தீவுக்குக் கொண்டுவந்த உரோமன்-டச்சுச் சட்டம் தங்கள் பரிபாலனத்தில் அதனினும் உறுதியாக நிற்பது கண்டு பூரிப்படைகிறோம்.

அந்தச் சட்டத்தின்படி, வைத்தியரின் கவனயீனத்தால் ஓர் உயிர் போனால் நட்டஈடு கேட்க நமக்குள்ள மார்க்கம், பிறனுடைய அடிமையையோ மந்தை மிருகத்தையோ அநியாயமாய்க் கொன்றவன் அதன் விலையைக் கொடுக்கக் கடவன் என்று கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ரோமாபுரியார் விதித்த அக்கிலியச் சட்டத்தின் சந்ததியாம். வம்சகுணம் நெடுங்காலம் மாறவில்லை. மாண்டவரால் வந்துகொண்டிருந்த வருமானம் எவ்வளவு என்று அது ஒழுங்காக விசாரிக்கும். பெற்றவர்களின் துக்கத்துக்கு 2019 வரை அதன் பேரேட்டில் இடமிருக்கவில்லை. உழைக்கத் தொடங்காத பிள்ளைக்கு அப்போது என்ன விலை வந்திருக்கும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1992இல் மூளைத்தண்டுக் கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் தகப்பனார், தாமே சட்டம் கற்றவர், சிகிச்சையளித்த வைத்தியப் பேராசிரியர் பிரியானி சொய்சா மீது தொடுத்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் விதித்த 50 இலட்சம் ரூபாய், மேன்முறையீட்டில் இரண்டரை இலட்சமாகச் சுருங்கி, 2001இல் உயர் நீதிமன்றத்தில் இல்லாமலே போயிற்று. கவனயீனம் உண்டு, ஆனால் மரணம் அதனால் விளைந்ததென்று நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. அந்தத் தர்க்கத்தில் பிழை காண நான் துணியேன். சட்டம் கற்றவருக்குக் கொழும்பிலே கைகூடாத அந்த நிரூபணம், கரைவலை இழுக்கும் எங்கள் தகப்பன்மாருக்கு, ஒரு வைத்தியருக்கு எதிராக இன்னொரு வைத்தியரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி, இரண்டு வருடக் காலவரையறைக்குள் வழக்கும் தொடுத்தால், கைகூடிவிடும் என்ற தங்கள் நம்பிக்கை எங்களைக் கௌரவப்படுத்துகிறது.

எங்கள் நோயாளியோ கற்பிட்டி, புத்தளம், சிலாபம், கொழும்பு என்று மாற்றி மாற்றி அனுப்பப்படுபவர். பிழையும் அவரோடு அம்புலன்ஸில் ஏறி, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தேய்ந்து, முடிவில் எவருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். வைத்தியர்களை நான் நோகமாட்டேன். வசதி குறைந்த வாட்டில் நள்ளிரவில் தனியே நிற்கும் இளம் வைத்தியர், ஏன் வம்பு என்று துண்டெழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவதில் வியப்பென்ன? அவரையும் காப்பாற்றாத சட்டமல்லவா இது!

ஆகையால் ஒரு விண்ணப்பம். நியூசிலாந்து 1974 முதல் நடத்திவருவதுபோல, யார் குற்றம் என்று வழக்காடவையாமலே நட்டஈடு வழங்கும் சபையொன்றைச் சட்டத்தால் நிறுவி, சிகிச்சைக் குறிப்புகளின் பிரதியைக் கேட்ட மாத்திரத்தில், தமிழிலும், கொடுக்க உத்தரவிடுங்கள். அது இயலாதாயின், போதிய வருமானமில்லாதோர் எவரும் இக்கரையில் சாகலாகாதென்று ஒரு வர்த்தமானி அறிவித்தலாவது பிரசுரிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கற்பிட்டிவாசி ஒருவன்