திறன்பேசிப் பயன்பாட்டியல்: மருதானை – வெள்ளவத்தை ரயில் பாதையை முன்வைத்து ஓர் ஆய்வு

திறன்பேசியின் முழுப் பயனையும் பெறுவது எப்படி என்று விளக்கும் எழுத்துகள் யாவும் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. இவ்வாய்வு நின்றுகொண்டு செய்யப்பட்டது. களம், மருதானையில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும் மாலை ரயில். அதில் இருக்கை கிடைத்தவர் ஆய்வு செய்வதில்லை, நித்திரை கொள்கிறார். ஆய்வெல்லை பற்றி ஒரு குறிப்பு: கொட்டாஞ்சேனைக்கு ரயில் இல்லையாதலால் அங்கு எத்தரவும் திரட்டப்படவில்லை. முடிவுகள் மட்டும் கொட்டாஞ்சேனைக்கும் பொருந்தும்.

திறன்பேசியின் பயன் ஐவகைப்படும். ஆறாவதாகப் பேசுதலும் உண்டு என்பர் சிலர், அது வழக்கொழிந்தது.

கமரா: கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் படம் எடுப்பதற்கு.

அலாரம்: நிறுத்துவதற்கு.

ஓட்டோச் செயலி: நாம் நிற்கும் இடம் வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே சாரதி அழைத்து, “எங்க நிக்கிறீங்க?” என்று கேட்பார். காரணம் தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் தொடங்கலாம்.

ரோர்ச்: 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அமுலான காலத்தில், இலட்ச ரூபாய்க் கருவி குப்பி விளக்கின் வேலையைப் பார்த்தது. சார்ஜ் இருந்தவரை குறை சொல்வதற்கில்லை.

எஞ்சியது குரல் பதிவு. இதை விரித்துரைக்க வேண்டியிருக்கிறது.

வட்ஸ்அப்பில் குரல் பதிவு 2013இல் வந்தது. அதை ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கும் வசதி 2021இல் வந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் ரொறன்ரோ மாமியை நாம் மாமியின் வேகத்திலேயே கேட்டோம். மருதானையில் தொடங்கும் அவருடைய ஒரு பதிவு கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி எல்லாம் தாண்டி வெள்ளவத்தையில் “சரி, வைக்கிறன்” என்று முடியும் (மாமி, பனிக்காலப் பதிவுகள், பல இடங்களில்). இரு மடங்கு வேகத்தில் அதே பதிவு கொம்பனித்தெருவிலேயே முடிந்துவிடும். மிச்சப் பயணத்துக்கு என்ன செய்வதென்று செயலியைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

யோசியாத இன்னொன்று, இலக்கணம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியர் அளந்து வைத்தார். கண்ணிமைப்பதும் விரல் நொடிப்பதுமே அவருடைய அளவுகோல். இரு மடங்கு வேகத்தில் நெடில் குறிலாகிறது. குறில் அரை மாத்திரையாகி மெய்யின் இடத்தைப் பிடிக்கிறது. மெய்யோ கால் மாத்திரைக்கு இறங்கி, மகரக்குறுக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட ஆசனத்தில் அனுமதியின்றி அமர்கிறது. மாமி “ஐயோஒ” என்று அளபெடுத்தால் மூன்று மாத்திரை ஒன்றரையாகிறது. அப்படியோர் அளபெடையைத் தமிழில் இதுவரை எவரும் கண்டதில்லை. வேகம் மாறினாலும் காது பழகிக்கொள்ளும் என்று ஒலியியலார் மறுப்பர். ஒலியியலாருக்கு ரொறன்ரோவில் மாமி இல்லை.

சான்று வருமாறு. “மாமாவுக்குக் கால் வருத்தம்” என்றார் மாமி (மாமி, மேலது, இருமலுக்குப் பிந்திய பகுதி). இதை ஒருவர் ரயிலில் இரு மடங்கு வேகத்தில் கேட்டார். நெடில் குறுகிற்று. “மாமாவுக்குக் கல் வருத்தமாம்” என்று பம்பலப்பிட்டியில் ஒரு பாடம் தோன்றியது (முன் இருக்கைக்காரர், நேர்முகம், ஜன்னலைப் பார்த்தபடி). வெள்ளவத்தையில் அது சிறுநீரகக் கல்லாக விரிந்தது (கீழ்வீட்டு அன்ரி, வாய்மொழி உரை, காய்கறிக் கடை வாசல், அதை மறுத்து மேல்வீட்டு அன்ரி, பித்தப்பைக் கொள்கை, லிஃப்ட்டினுள், இரண்டாம் மாடிவரை மட்டும்). கொட்டாஞ்சேனைப் பாடத்தில் சத்திரசிகிச்சைக்குத் திகதியே குறித்தாயிற்று.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது செல்லரித்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். எனக்கு அவரிலும் சங்கடம்: என் ஏடுகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, எல்லாம் பேசுகின்றன, அடிக்கடி பகிரப்பட்டது என்ற இரட்டை அம்புக்குறியும் இட்டுக்கொண்டு வருகின்றன. மூலபாடத்தை மாமியிடமே கேட்டு உறுதி செய்யலாமே என்று வாசகர் நினைக்கக்கூடும். உயிரோடிருக்கும் ஆசிரியரிடம் போய்க் கேட்பது ஆய்வு முறையன்று. தவிர, அவர் பதில் சொன்னால் எழுத என்ன மிஞ்சும்? பதவியுயர்வுக்கு மனுப் போட்டிருக்கும் அன்பர்கள் இதை விளங்கிக்கொள்வர். அவர்களில் சிலரைப் போலவே நானும் என் அடுத்த கட்டுரையில் இக்கட்டுரையை மேற்கோள் காட்ட உள்ளேன்.

மாமியின் பதிவுகளை இனி ஒற்றை மடங்கிலேயே கேட்குமாறு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரு ஊராரையும் கேட்டுக்கொள்கிறேன். ரொறன்ரோவுக்குப் பறக்கிறவர்கள் பெட்டியில் வாழைத்தண்டு கொண்டுபோக வேண்டாம். மாமாவுக்கு நோவது முழங்கால்.